தீயணைப்போரும் புகைப் பழக்கமும்

புகையோடு போராடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஓய்வு வேளையில் தாமாகவே புகையை உள்ளிழுப்பது விந்தையாகத் தோன்றலாம். அப்பணியின் இயல்பை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. தீயணைப்பு நிலையத்தில் பெரும்பொழுது காத்திருப்பிலேயே கழிகிறது. திடீரென மணி ஒலித்ததும் இருதயத் துடிப்பு வெகுவாக உயர்கிறது. எதைக் காணப் போகிறோம் என்பது வண்டியில் ஏறிய பின்னரும் தெளிவாவதில்லை. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்னும் கப்பலில் பற்றிய தீயை அணைக்கச் சென்றோரில் 66 பேர், அதிலிருந்த வெடிமருந்து வெடித்து மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நாடெங்கும் தீத்தொண்டு வாரம் தொடங்குவது அவர்கள் நினைவாகவே.

இத்தகைய மன இறுக்கத்துக்குச் சிகரெட்டும் பீடியும் மருந்தெனப் பலர் நம்புகின்றனர். உண்மை வேறு. இரத்தத்தில் கலந்த நிக்கோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிறது. அது குறையக் குறைய எரிச்சலும் அமைதியின்மையும் தலைதூக்குகின்றன. அடுத்த சிகரெட் தணிப்பது பெரும்பாலும் இந்த எரிச்சலைத்தான். தீயிடையே கண்ட துயரக் காட்சியின் வேதனையை அன்று. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட முடிவும் இதற்கு இசைந்ததே. புகைப்பதை நிறுத்தியோரிடம், நிறுத்தாதோரைக் காட்டிலும் கவலையும் மன இறுக்கமும் குறைந்தன.

இனி உடலின் கணக்கைப் பார்ப்போம். புகையிலைப் புகையிலுள்ள கார்பன் மானாக்சைடு என்னும் வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. புகைப்போரிடம் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இவ்வாறு முடங்கிக் கிடக்கலாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இதில் பாதி நீங்கவே 4, 5 மணி நேரம் செல்லும். மணியோ அதுவரை காத்திராது! இந்தக் குறையோடுதான் அவர் கனத்த உடையும் காற்றுக்கலமும் சுமந்து மாடிப்படி ஏறவேண்டும். எரியும் கட்டடம் வெளிவிடுவதும் அதே வாயுவைத்தான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த தீயணைப்போரில், 2001 செப்டம்பர்த் தாக்குதலில் மாண்டோர் நீங்கலாக, நூற்றுக்கு 39 பேரின் உயிரைக் கவர்ந்தது இருதய இரத்தக்குழாய் நோய். இது 2007-இல் வெளியான ஆய்வு. பணிநேரத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாத தீயணைப்பு வேளையில், இம்மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேர்ந்துள்ளது. இருதய நோய்க்குப் புகைப்பழக்கமும் ஒரு முக்கிய காரணம் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் விளைவிக்க வல்லது என 2022-இல் அறிவித்தது. போதிய சான்றுள்ளதாக அது கூறிய இரு புற்றுகளில் சிறுநீர்ப்பைப் புற்று, புகையிலையாலும் வருவது.

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் 1988 முதல் புதிதாகச் சேரும் தீயணைப்போர், வீட்டிலும்கூடப் புகைக்கலாகாது என்று சட்டம் வந்தது. கடுமையான விதிதான்; ஆயினும் இரவெல்லாம் மணியோசையை எதிர்நோக்கும் நிலையை அது மாற்றவில்லை. அமெரிக்கத் தீயணைப்போரிடையே புகைப்போர் அருகியபோதிலும், வாயில் ஒதுக்கும் புகையிலை பொதுமக்களிடையே உள்ளதைவிட மிகுதியாக வழங்குவதைப் பின்வந்த ஆய்வுகள் கண்டுள்ளன.