முந்திரிகைத் தோட்டம் காத்த மூதாட்டி

போர்ட் வைன் என்னும் பெயரை நம்மவரிற் பலர் கேள்வியுற்றிருப்பர். ஆயினும், அதன் வரலாற்றோடு ஒரு கைம்பெண்ணின் வாழ்வு பின்னிக் கிடப்பதை அறிந்தோர் சிலரே. மதுவின் நன்மை தீமைகளை ஆராய்வது இங்கு நமது நோக்கமன்று. ஒரு குடும்பத்தின் நிலம் எங்ஙனம் காக்கப்பட்டது என்பதையே கூற விழைகின்றோம்.

போர்த்துக்கல் நாட்டின் வடபகுதியிலே டூரோ ஆறு மலைகளை ஊடறுத்துப் பாய்கின்றது. மண்ணோ வெறும் பாறைத் துண்டுகள், கோடையோ கொடியது. அம்மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, கல்லடுக்கி, முந்திரிகைக் கொடிகளை நட்டனர் அந்நாட்டு மக்கள். இம்மது விளையும் நிலத்துக்கு 1756ஆம் ஆண்டிலேயே அரசு எல்லை வகுத்துவிட்டது.

பழங்களைக் கற்தொட்டிகளில் இட்டுக் காலால் மிதிப்பது பண்டை வழக்கம்; இன்றும் சில தோட்டங்களில் இது கைவிடப்படவில்லை. சாறு நொதிக்கும்போது அதிலுள்ள இனிப்பை மதுவம் மதுசாரமாக மாற்றும். இனிப்பிற் பாதியளவு எஞ்சியிருக்கும் வேளையில், ஏறக்குறைய நான்கு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு முந்திரிகைச் சாராயத்தைக் கலப்பர். உடனே நொதித்தல் நின்றுவிடும், இனிப்பும் நிலைத்துவிடும். இங்ஙனம் வலுவூட்டப்பெற்ற மது பல்லாண்டு கெடாதிருக்கும்.

இத்தொழிலில் ஈடுபட்ட குடும்பமொன்றில் 1811ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனியா அடெலெய்டா ஃபெரெய்ரா. 1844இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 33, குழந்தைகள் இருவர். தோட்டங்களின் பாரம் முழுவதும் அவர் தோள்மீது விழுந்தது. சில ஆண்டுகளின் பின், சல்தாஞ்ஞா கோமகன் என்னும் பெருஞ்செல்வாக்குடையார் அவருடைய மகளைத் தம் மைந்தனுக்கு மணமுடிக்க விரும்பினார். மகளோ அறியாச் சிறுமி. தாய் இணங்கவில்லை, மகளை அழைத்துக்கொண்டு ஸ்பெயின் வழியாக இலண்டன் சென்றார்.

1861இல் டூரோ ஆற்றிலே அவர் சென்ற படகு கவிழ்ந்தது. உடன் சென்ற ஜோசப் ஜேம்ஸ் ஃபொரெஸ்டர் என்னும் ஆங்கில வணிகர் மூழ்கி இறந்தார். அந்தோனியாவை அவருடைய அகன்ற பாவாடையே மிதக்கவைத்துக் காத்தது என்று அவ்வூரார் இன்றும் கதை சொல்வர்.

ஆற்றிலே தப்பியவரை நிலத்திலே பெருஞ்சோதனை எதிர்கொண்டது. வேரை உறிஞ்சும் பைலொக்செரா என்னும் நுண்ணிய பூச்சி தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. பலர் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினர். அந்த அழிவுக் காலத்திலேதான், 1877ஆம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்திருந்த அந்தோனியா, வாலே மெயாவோ என்னுமிடத்தில் ஏறக்குறைய 300 ஹெக்டேயர் காட்டு நிலத்தை ஏலத்தில் வாங்கினார்! கொடியே நட்டறியாத அந்நிலத்தைத் திருத்திப் புதுத் தோட்டம் அமைத்தார். துன்புற்ற உழவர்க்கும் வேலையாட்களுக்கும் அவர் செய்த உதவிகளை நினைந்து, மக்கள் அவரை 'ஃபெரெய்ரிஞ்ஞா' எனச் செல்லமாக அழைத்தனர்.

1896இல் அவர் மறைந்தார். தாம் அமைத்த தோட்டத்தின் பயனை நெடுங்காலம் நுகர அவருக்கு வாய்க்கவில்லை. ஃபெரெய்ரா வணிக நிறுவனமும் 1987இல் பிறர் கைக்கு மாறிற்று. வாலே மெயாவோ மட்டும் குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. 1999ஆம் ஆண்டு விளைச்சல் முதல், அவருடைய வழித்தோன்றல்கள் அத்தோட்டத்தின் பெயராலேயே மது வடித்து வருகின்றனர்.

பனங்கொட்டையை ஊன்றும் பாட்டன் தான் நுங்கு உண்பதை எண்ணியா ஊன்றுகிறான்? அந்தோனியா நட்ட கொடிகளும் அத்தகையனவே.