உங்களுக்குத் தெரியுமா? கரட்டிலிருந்து கொல்லிமலை வரை

◆ சேலம், நாமக்கல் பக்கம் பேருந்தில் போகும்போது இருபுறமும் வந்துகொண்டே இருக்கும் கரடுகளை யாரும் படமெடுக்க நிற்பதில்லை. பாறை, முட்புதர், காய்ந்த புல், வேறென்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு இப்படிப்பட்ட பாறைக்குன்றுதான் வீடு! இந்தப் பறவையை 1845-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பறவையியலாளர் ஜெர்டன். கொண்டை கிடையாது. தொண்டையும் வாலடியும் நல்ல மஞ்சள். காட்டுப் பழங்களைத் தின்று, பாறை இடுக்குகளில் விதைகளைப் போட்டுக்கொண்டே போகும். அழிய வாய்ப்புள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஜல்லிக்காக ஒரு கரட்டை உடைத்துவிட்டால் அந்த இடத்துச் சின்னானுக்குப் போக்கிடம் இல்லை. படமெடுக்கக் கிளம்புகிறீர்களா? அருவியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நடையை விடியற்காலையில் ஒரு கரட்டில் தொடங்குங்கள் என்பேன்.

◆ ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி ஏன் மேசைபோலத் தட்டையாக, மரமே இல்லாமல் புல்வெளியாகக் கிடக்கிறது? 1,600 மீட்டருக்கும் மேலான அந்த உச்சியை மூடியிருப்பது பாக்சைட் படிவம். மழையும் வெயிலும் காலங்காலமாகப் பாறையைக் கரைத்து, அலுமினியம் செறிந்த மண்ணை மட்டும் மிச்சம் வைத்ததால் உண்டானது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வெட்டிப் போனார்கள். வெட்டாமல் விட்ட புல்வெளியில் மேகம் இறங்கும்போது நின்று பாருங்கள். ஊட்டிக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள்.

◆ நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் சொந்தமில்லை. சேர்வராயன் மலையிலும் உண்டு.

◆ சேலம் மாவட்டத்தை முதன்முதலில் கேமராவில் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் அடங்கிய அவருடைய படத் தொகுப்பு 1858-ல் வந்தது. இராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று ஃபிலிம் கிடையாது. மெழுகு பூசிய காகிதத்திலும் நெகட்டிவ் எடுத்தார்கள்.

◆ மேட்டூர் அணை நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடியில் நீருக்குள் இருக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும்.

◆ காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுவது ஐயாறு. இதே நீர்தான் மலையடிவாரத்தில், திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் நாம் குளிக்கும் நீர். அருவியைப் பட்டுத்துணிபோல வழியவிட வேண்டுமென்றால் ஷட்டரை அரை விநாடி திறந்து வையுங்கள், ஸ்டாண்டு அவசியம். ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிய ஆயிரத்தில் ஒரு விநாடி போதும். சாரலில் வானவில் வேண்டுமா? சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். நீங்கள் அருவியைப் பார்த்து நிற்கும்போது சூரியனும் எதிரே இருந்தால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் வராது. இறங்கிய படிகளைத் திரும்ப ஏற வேண்டும் என்பதை மறக்காமல் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

◆ ஓடைப் பக்கம் யாரோ பையன் சீட்டியடிப்பதுபோலக் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், பாறையைப் பாருங்கள். அது சீகாரப் பூங்குருவியாக இருக்கலாம். கருநீல உடம்பு, நீர் விழும் இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல்.

◆ நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைப் படமெடுத்தது கறுப்பு வெள்ளையில். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கனமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். விலையுயர்ந்த லென்ஸ் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் அவர் படங்களை ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

◆ மாலை ஆறு மணிவாக்கில் புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீட்டி கேட்கிறதா? ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. இரவில் பறந்து வரும் களைப்பில் சில நேரம் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்துவிடும். அப்படி விழுந்தால் ஓர் அட்டைப் பெட்டியில் காற்றோட்டத்தோடு இருட்டாக வையுங்கள்; தெளிந்ததும் செடிகள் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள்.

◆ படத்துக்காகக் கைப்பேசியில் பறவைக் குரலை ஓடவிட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டையில் செலவழிக்கும். கூட்டின் பக்கமும் போக வேண்டாம். பறவைகளைப் பார்க்கும் ஆசை இருந்தால், பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டு செயலியில் பதிவு செய்தால் போதும். உங்கள் ஊர்க் கரட்டிலிருந்தே எண்ணலாம்.