கப்பல் கணக்கு – 9: சிவப்புக் குல்லாய்க்காரி

போன வாரம், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி நீட்டிய, கூலியின் கடனை எழுதிய துண்டுச் சீட்டோடு நிறுத்தினேன். அதற்கு முந்தி, தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேட்டை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் எப்படிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் துண்டுச் சீட்டுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் ஒரு கப்பல் குறுக்கே வந்துவிட்டது. அதை விட்டுப்போக மனசில்லை.

கப்பலின் பெயர் ‘ரெட் ரைடிங் ஹூட்’. பாட்டியின் படுக்கையில் ஓநாய் படுத்திருக்குமே, அந்தக் கதையில் வருகிற சிவப்புக் குல்லாய்ச் சிறுமியேதான். கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களைப் பற்றி எழுதக் கை வலிக்கும் அளவுக்குச் செய்தி உண்டு. இது திரும்பி வந்த கப்பல். 1871இல், ஒப்பந்தம் முடித்து ஊர் திரும்பிய முதல் கூட்டத்தைச் சென்னையில் கொண்டுவந்து இறக்கியது.

இறங்கியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் ஊருக்கு நடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. கடல் தாண்டிப் போகிறவர்களைக் கவனிக்க அரசு வைத்திருந்த அதிகாரியிடம் முறையிட்டார்கள். தோட்டத்தில் சவுக்கடி, ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம், நோயில் படுத்தாலும் கூலி வெட்டு. அத்தனையும் வாக்குமூலமாகப் பதிவாயிற்று. அவர்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய காகிதங்கள் அவை.

அந்தக் காகிதங்கள் என்ன செய்தன என்பதுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சமாசாரம். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது என்று முன்பே எழுதியிருக்கிறேன். 1866இல் நட்டாலில் தொழில் படுத்ததால் ஆள் எடுப்பது நின்றது. பிறகு கரும்பு விலை தேறியதும் முதலாளிகள் மறுபடி ஆள் கேட்டார்கள். இந்திய அரசு இந்த வாக்குமூலங்களைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் என்றது. நட்டால் வேறு வழியின்றி 1872இல் கூலி ஆணையம் அமைத்து விசாரித்தது. ஒப்பந்த மீறலுக்குக் கொடுத்த சவுக்கடி சட்டத்திலிருந்து போயிற்று. கூலிகளுக்கென்று ஒரு பாதுகாப்பு அதிகாரியை நியமித்தார்கள். 1874இல்தான் கப்பல் மறுபடி ஓடியது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே ஏறியது, ஒரு சாம்ராஜ்யத்தின் சர்க்கரை வியாபாரத்தைக் காத்திருக்கவும் வைத்தது. இதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு 1911 வரை கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. சவுக்கடி சட்டத்திலிருந்து போனதே தவிரத் தோட்டத்திலிருந்து போகவில்லை. அதற்குச் சாட்சி 1894இல் வருகிறது. பாலசுந்தரம் என்ற தமிழர், முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்குள் வந்து நின்றார். காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். பிறகுதான் மாஜிஸ்திரேட்டிடம் போனார். பரிதாபப்படுவதற்கு முன்னால் காகிதம்! மதுரையில் பள்ளிப் பிள்ளைகளைத் தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிற ஆசிரியர்கள், 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் காந்தி மேலாடையைத் துறந்த கதையைத் தவறாமல் சொல்கிறார்கள். கூடவே பாலசுந்தரத்தையும் சொன்னால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

பாடத்துக்கு வருகிறேன்.

மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கத்தில் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு. டீச்சர் முதலில் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டில் தொடங்கலாம் என்று நினைத்திருந்தார். பிஜித் தீவின் பெண் கூலிகளைப் பற்றிய பாட்டு. 1904இல் சில மாதம் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவரின் பாட்டு என்று ஊர்ப் பெருமையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் வேண்டாம் என்றேன்.

“ஏன் சார், பிள்ளைக உருகிருவாங்களே?”

“அதுக்குத்தான் வேண்டாங்கிறேன் டீச்சர். முதல்லயே அழுதுட்டா அப்புறம் கேள்வி கேக்க மாட்டாங்க.”

பாட்டு கடைசி நாளுக்கு. முதல் நாள் பதிவேடு. இதே காரணத்துக்காகத்தான், ‘நீ ஒரு கூலியாக இருந்தால் அம்மாவுக்கு என்ன கடிதம் எழுதுவாய்’ என்ற கட்டுரைப் பயிற்சியும் எனக்கு ஆகாது. தெரியாத வாழ்க்கையைப் பிள்ளை சினிமாவிலிருந்து எடுத்து எழுதும், நாமும் பத்துக்கு எட்டுப் போடுவோம். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஒப்பந்தப் பத்திரத்தின் படமும், அடையாளத்துக்காக எடுத்த கூலிகளின் புகைப்படமும் உண்டு. நல்ல காரியம். ஆனால் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்டம் போட்ட ஏட்டைப் படிக்கப் பன்னிரண்டு வயது போதும்.

என்ன கட்டங்கள்? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி – லுத்துலி ஆவண மையம் இவற்றைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரு கப்பலின் இரண்டு பக்கம் அச்செடுத்தால் ஒரு வகுப்புக்குத் தாராளம்.

முதல் கட்டமான எண்ணிலேயே நின்றுவிட்டோம். நட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண். 1860இல் ஒன்றில் தொடங்கியது, 1911இல் ‘உம்லாசி’ என்ற கடைசிக் கப்பலோடு 1,52,184இல் நின்றது. புத்தகங்களில் மொத்தத் தொகையாக நாம் படிப்பது யாரோ உட்கார்ந்து மதிப்பிட்டது அல்ல, வரிசையில் கடைசி ஆளின் எண். வயதுக் கட்டத்தைப் பட்டை வரைபடமாகப் போடச் சொன்னால் 20, 25, 30 என்று முழு எண்களில் குவிகிறது. வயது தெரியாதவரைப் பார்த்து எழுத்தர் மதிப்பாகப் போட்டது. ஏட்டில் இருப்பதெல்லாம் உண்மை இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அடுத்து எல்லாருக்கும் ஆவல், நம்ம ஊர் இருக்கிறதா என்று. இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். நட்டாலுக்கு வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து போனவர்களே மிகுதி. மதுரைக்காரருக்கு இலங்கை எட்டும் தூரத்தில் இருந்தது. ‘ஜில்லா: மதுரை’ என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்கவும் கூடாது. ராமநாதபுரம் தனி ஜில்லாவானது 1910இல். அதற்கு முன்னால் மதுரை ஜில்லா என்றால் திண்டுக்கல், பழனி, பெரியகுளத்தோடு ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் சேர்ந்தது. ராமேஸ்வரத்துக்காரரும் ஏட்டில் மதுரைக்காரர்தான். ஆகவே தாலுகாக் கட்டத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1875இல்தான் மதுரைக்கு ரயில் வந்தது. அதற்கு முந்திய கப்பலில் ஏறிய மதுரைக்காரர் சென்னைக்கு எப்படிப் போயிருப்பார் என்று வரைபடத்தில் கோடு போடச் சொன்னால் பிள்ளைகளுக்குக் காலே வலித்துவிடும்.

சாதிக் கட்டத்தை என்ன செய்வது என்று டீச்சர் தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயமானது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாடு நம்முடையது. அதன் பிறகு நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அப்படிப்பட்ட வகுப்பில் இந்த ஏட்டைப் பிரித்தால், பிள்ளைகள் முதலில் தேடுவது தங்கள் சாதியைத்தான். அந்தக் கட்டத்தை மடித்து மறைத்து அச்செடுங்கள், கடைசி நாளில் பிரியுங்கள் என்பது என் கட்சி. பிரிக்கும்போது ஒரே கேள்வி போதும்: கரும்பு வெட்ட வந்தவரின் சாதி தோட்டக்காரருக்கு எதற்கு? ஆள் பிடித்தவர்களுக்கு எந்தச் சாதி விலைபோகும் என்று தெரியும், வந்தவர்களும் சிலர் வேறு பெயர் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். வயதுக் கட்டத்தை நம்பாத பிள்ளைகள் இதையும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் வகுப்பை உலுக்கியது இது எதுவும் இல்லை, ஒரு கணக்கு. நட்டாலில் கூலி முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒன்றாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 14. ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடி கூலியாகப் பதிய வேண்டும், அல்லது இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். இரண்டும் மாட்டேன் என்று அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. 1895ஆம் ஆண்டுச் சட்டம். முல்லைப் பெரியாற்று நீர் மதுரை மாவட்டத்துக்குத் திறந்ததும் அதே 1895 அக்டோபரில்தான். மேலூர் வயல்களுக்குத் தண்ணீர் வந்த ஆண்டில், அதற்குப் பின் பிழைக்கப் போகிறவர்களின் தலையில் வரி எழுதப்பட்டது. 1903இல் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். பையனுக்கு 16 வயதிலிருந்து, பெண்ணுக்கு 13 வயதிலிருந்து.

எட்டாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வயது? பதின்மூன்று.

“சார், ஆம்பளப் பிள்ளைகளுக்குப் பதினாறு, எங்களுக்கு மட்டும் ஏன் பதிமூணு?” என்று முதல் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. பையன்கள் பக்கம் ஒரே சிரிப்பு. கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் கரும்பலகைக்குத் திரும்பினார். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். தகப்பன், தாய், பதினாறு வயது மகன், பதின்மூன்று வயது மகள். வரி 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். தகப்பன் மாதம் 14 வீதம் ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் ஆண்டுக்கு 168. சோறு, துணி, குடிசை எதுவும் இல்லாமலே 72 ஷில்லிங் துண்டு விழுகிறது. அதற்குப் பிறகு பையன்கள் சிரிக்கவில்லை. “அப்ப மறுபடியும் கூலியாப் பதிஞ்சுதான ஆகணும்?” என்றான் ஒருவன். வரி போட்டவர்களின் நோக்கமே அதுதான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1913இல் சுரங்கத்தையும் கரும்புக் காட்டையும் விட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்ததும் இந்த வரிக்கும் எதிரான போராட்டத்தில்தான். அதே ஆண்டு வரி ஒழிந்தது. வள்ளியம்மை சிறை சென்றபோது வயது பதினாறைத் தாண்டவில்லை. வள்ளியம்மை பாடம் நம் பள்ளிகளில் எப்போதும் தியாகமாகவே நடத்தப்படுகிறது. அந்த 240 ஷில்லிங் கணக்கைப் போட்டுவிட்டு நடத்திப் பாருங்கள்.

இடம் முடிந்தது. துண்டுச் சீட்டு, கங்காணி, ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம் முகாம் எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் உங்களிடம் ஒரு வேலை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இலங்கைத் தோட்டத்துப் பற்றுச்சீட்டு, போட் மெயில் பயணச் சீட்டு, 1964 இந்திய – இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டை என்று ஏதாவது கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு, ஒரு நகலை உங்கள் ஊர்ப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.