கைப்பேசியும் கட்டளையும்



சென்ட்ரல் நிலையத்தை நோக்கி வரும் இரயிலில் பயணம் செய்தவர்கள் பேசின் பிரிட்ஜை எளிதில் மறக்கமாட்டார்கள். ஊர் வந்துவிட்டது என்று மூட்டை முடிச்சுகளை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். வண்டியோ பேசின் பிரிட்ஜ் அருகே வந்து நின்றுவிடும். வண்டியில் பழுது ஏதும் இல்லை. நிலையத்தில் நடைமேடை ஒழியவில்லை; ஆகவே சிக்னல் வழிவிடவில்லை. அவ்வளவே. இந்த நிலையத்தின் அருகே குடியிருக்கும் எனக்கு இது நாள்தோறும் காணும் காட்சி. கைப்பேசியைப் பற்றிப் பேச வந்தவன் இரயிலைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினையாதீர்கள். காரணம் இருக்கிறது.

என்னிடம் முன்பு படித்த இளைஞர் ஒருவர், துறைமுகத்தை அடுத்த கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை பார்க்கிறார். ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்து, “சார், காலையில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகிறேன், நான்கு மணிக்குள் போன் அணைந்துவிடுகிறது” என்றார். நான் அதன் அமைப்புகள் பகுதியைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு மின்சாரத்தைச் செலவிட்டது என்னும் பட்டியலைப் பார்த்தேன். வாட்ஸ்அப் மேல்வரிசையில் இருந்தது. திறக்காதபோது அது இயங்கலாகாது என்று கட்டுப்படுத்தி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் வந்து, சார்ஜ் சற்றுக் கூடுதலாக நிற்கிறது என்று நன்றி கூறினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் சென்றது. ஓர் இரவு அவருடைய மேற்பார்வையாளர், மறுநாள் ஷிப்டு காலை ஆறு மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். இளைஞர் அதைக் கண்டது காலை எட்டு மணிக்கு. அதுவும் செயலியைத் தாமே திறந்தபோது. ஒருநாள் கூலி போயிற்று. பொறுப்பற்றவர் என்னும் பெயரும் வந்தது. “போன் கெட்டுவிட்டது சார், கடன் வாங்கியாவது வேறு வாங்கவேண்டும்” என்றார். வாங்கிப் பார்த்தேன். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன் நான் இட்ட கட்டளையை அது பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது! செய்தி வந்து வாயிலில் நின்றது. நான்தான் சிக்னலைப் போட்டு வைத்திருந்தேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே என்னை மிகவும் உறுத்தியது. அதன் பின்னரே இக்கருவியை முறையாகக் கற்கத் தொடங்கினேன். கற்றதில் சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரத்தின் செலவைப் பார்ப்போம். ஒரு காலத்தில் சென்னை நகருக்கே மின்சாரம் வழங்கிய நிலையம் எங்கள் பேசின் பிரிட்ஜில்தான் இருந்தது. ஊர் மின்நிலையமாயினும் சட்டைப்பையிலுள்ள பேட்டரியாயினும் கணக்கு ஒன்றே: வரவு அளவுடையது; செலவைத்தான் ஒழுங்கு செய்யவேண்டும். கைப்பேசியில் பெருஞ்செலவு செய்வது ஒளிரும் திரை. அடுத்தது, கோபுரத்தைத் தேடி அலையும் அலைவாங்கி. சிக்னல் நலிந்த இடத்தில் கைப்பேசி உரக்கக் கூவவேண்டியிருக்கிறது. கூவினால் களைப்பு மிகும். அந்த இளைஞர் வெயிலில் நின்று வேலை செய்பவர். திரையின் ஒளியை முழு அளவில் வைத்திருந்தார். சுற்றிலும் அடுக்கிய இரும்புப் பெட்டிகளுக்கிடையே சிக்னலும் நலிந்திருந்தது. நோயின் காரணம் இவ்விரண்டே. நானோ வாட்ஸ்அப்பைத் தண்டித்தேன்.

இனி, செய்தி எவ்வாறு நிறுத்திவைக்கப்படுகிறது என்று பார்ப்போம். 2015-இல் வெளிவந்த ஆறாம் ஆண்ட்ராய்டில் ஓர் உறக்கமுறை புகுத்தப்பட்டது. சார்ஜரில் இணைக்காமல், திரையும் அணைந்து, அசையாமல் கிடக்கும் கைப்பேசி சிறிது நேரத்தில் உறங்கும். செயலிகள் உடனுக்குடன் வலையமைப்பை நாட இயலாது. இடையிடையே கதவு திறக்கும்போது எல்லாம் சேர்ந்து தம் வேலையை முடித்துக்கொள்ளவேண்டும். தொலைபேசி அழைப்பும் விடியற்காலை அலாரமும் இதனால் தடைப்படுவதில்லை. அவசரமானவை என்று குறியிட்டு வரும் செய்திகளுக்கும் வழி உண்டு. 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, நாம் அடிக்கடி திறக்கும் செயலி எது, அரிதாகத் திறப்பது எது என்று கற்றுக்கொண்டு, அரியதற்குக் குறைந்த வாய்ப்பே கொடுக்கிறது. இவற்றுக்கு மேல், கைப்பேசி செய்யும் நிறுவனங்கள் சில, தத்தம் பங்குக்கு வேறு கட்டுப்பாடுகளையும் சேர்த்துவிடுகின்றன.

ஆகவே செய்யவேண்டியது யாது? அமைப்புகளில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, வேண்டிய செயலியைத் தொட்டு, அதன் பேட்டரிப் பகுதிக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் மூன்று நிலைகளைக் காண்பீர்கள்: கட்டுப்பாடின்றி இயங்குதல், அளவோடு இயங்குதல், கட்டுப்பட்டு இயங்குதல். பிழைப்புக்கும் உயிருக்கும் இன்றியமையாத ஓரிரண்டு செயலிகளுக்கு மட்டும் முதல் நிலை கொடுங்கள். மற்றவை இரண்டாம் நிலையில் இருக்கட்டும். எப்போதோ திறக்கும் விளையாட்டுகளுக்கு மூன்றாம் நிலை போதும். சமீபத்தில் திறந்த செயலிகளையெல்லாம் நொடிக்கொருதரம் விரலால் தள்ளி மூடும் பழக்கம் பலரிடம் உண்டு. அதனால் பெரும் பயன் இல்லை. மூடியதை மீண்டும் முதலிலிருந்து எழுப்புவதற்கும் மின்சாரம் வேண்டுமன்றோ?

முழுக் கைப்பேசியையும் சிக்கனத்தில் வைக்கும் பேட்டரி சேமிப்பு முறைக்கும் காலம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள இரயில் பாலத்தில் வெள்ளம் உயர்ந்து வண்டிகள் நின்றன. வடசென்னையில் பல பகுதிகள் மின்சாரமின்றி இருண்டு கிடந்தன. அத்தகைய நாளில், சார்ஜ் நிறைந்திருக்கும்போதே சேமிப்பு முறையை இட்டுவிடுவது அறிவுடைமை. திரை ஒளியைத் தாழ்த்துங்கள். இணையத்தை வேண்டும்போது மட்டும் திறங்கள். சிக்னல் அறவே இல்லாத வேளையில் விமானப் பயண நிலையில் வைத்து, மணிக்கொருமுறை எடுத்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்தபின் பழைய நிலைக்குத் திருப்ப மறவாதீர்கள். நான் மறந்ததன் பயனை மேலே கேட்டீர்கள்.

இரண்டாவது செய்தி, அனுமதி பற்றியது. நம் வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வருகிறவர், பீரோவின் சாவியைக் கேட்டால் கொடுப்போமா? 2015-க்கு முன் ஆண்ட்ராய்டில் நிலைமை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. செயலியை நிறுவும்போதே அது கேட்டதெல்லாம் கொடுக்கவேண்டும். இல்லையேல் செயலியே கிடையாது. ஆறாம் பதிப்பிலிருந்து ஒவ்வொன்றையும் வேண்டும்போது தனித்தனியே கேட்கும் முறை வந்தது. 2019-இல் வந்த பத்தாம் பதிப்பில், செயலி திறந்திருக்கும்போது மட்டுமே இருப்பிடத்தை அறியலாம் என்று வரம்பிட வழி கிடைத்தது. அடுத்த ஆண்டின் பதிப்பு, ‘இம்முறை மட்டும்’ என்னும் விடையைத் தந்தது. நெடுநாள் திறவாத செயலியின் அனுமதிகளைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் தொடங்கியது. 2021-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலோ, கேமராவையோ மைக்கையோ ஒரு செயலி பயன்படுத்தினால் திரையின் மேல்மூலையில் பச்சைக் குறி தோன்றும். கடந்த ஒருநாளில் எந்தச் செயலி எதைத் தொட்டது என்னும் கணக்கையும் தனியுரிமைப் பகுதியில் காணலாம்.

வாயிலில் காவல் இத்தனை இருந்தும், கதவைத் திறந்துவிடுபவர் நாமாயின் யார் காப்பது? போக்குவரத்து அபராதம் என்றும், வங்கிக் கணக்கு முடங்கிவிடும் என்றும் அச்சமூட்டும் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. அதனுடன் ஒரு செயலிக் கோப்பும் வருகிறது. அதனை நிறுவியவுடன், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. அபராதம் காட்டும் செயலிக்கு என் குறுஞ்செய்தி எதற்கு? வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் வருவது அங்கேதான்! அனுமதி கொடுத்த நொடியே அந்த எண் திருடன் கைக்குப் போய்விடுகிறது. ஆயுளெல்லாம் சேர்த்த பணத்தை இவ்வாறு இழந்தோர் நாட்டில் பலர். அவ்வாறு நேர்ந்தால் நாணி மறைக்காமல் உடனே வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவிக்கவேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி. இன்னோர் அனுமதியும் உண்டு. அதற்கு அணுகல்தன்மை என்று பெயர். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் செயலிக்கு அது தேவை. அவர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் திரையில் உள்ளதையெல்லாம் பார்க்கவும், நமக்குப் பதிலாகத் தொடவும் வல்ல அந்த அனுமதியை அறியாத செயலிக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. விதி ஒன்றே: செய்யும் வேலைக்கு இச்சாவி வேண்டுமா? வேண்டாவிடில், மறுத்துவிடுங்கள்.

மூன்றாவது, கோளாறு நேரும்போது காரணம் தேடும் முறை. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்றதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், விளைவைப் பாருங்கள், மாற்றியதைக் குறித்துவையுங்கள். முதலில் அணைத்துத் திறவுங்கள். பின்னர்ச் சேமிப்பிடம் நிறைந்திருக்கிறதா, புதுப்பிப்புகள் காத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதன்மேல், பாதுகாப்பு முறையில் இயக்கிப் பாருங்கள். அம்முறையில் நாம் சேர்த்த செயலிகள் உறங்கிவிடும். அப்போது கோளாறு மறைந்தால், குற்றவாளி நாம் சேர்த்தவற்றுள் ஒன்று என்பது தெளிவு. அண்மையில் சேர்த்ததிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக் காணலாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது கடைசி மருந்து. படங்களையும் எண்களையும் வேறிடத்தில் படியெடுக்காமல் அதனைத் தொடவேண்டாம்.

முடிக்குமுன் ஒன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலைகளுக்கு நடுவே வாழும் நாங்கள் அந்த இரவை நினையாமல் கைப்பேசியின் ஒலியை அணைப்பதற்கில்லை. உறக்கமும் வேண்டும், அழைப்பும் வரவேண்டும். இதற்கும் அமைப்புகளில் வழி இருக்கிறது. தொந்தரவு செய்யாதே என்னும் முறையை இட்டாலும், நட்சத்திரமிட்ட உறவினரின் அழைப்பு ஒலிக்கும்படியும், ஒருவரே பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும்படியும் வைக்கலாம். பேரிடர்க் காலத்தில் கோபுரத்திலிருந்து எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒருசேர எச்சரிக்கை அனுப்பும் முறையை 2023-இல் நாடெங்கும் சோதித்தார்கள். சோதனை ஒலிக்கு அஞ்சி அதனை அணைத்துவைத்தவர்கள் மீண்டும் திறந்துவையுங்கள்.

நாம் இட்ட கட்டளை நமக்கு நினைவிருந்தால் கைப்பேசி பணியாள். மறந்துவிட்டால் அதுவே எசமானர். இன்று மாலை வீட்டில் பாட்டியின் கைப்பேசியை எடுத்து, அவரை அருகே இருத்திக்கொண்டு, கால்மணி நேரம் செலவிடுங்கள். நீங்களே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், எப்படித் திரும்ப மாற்றுவது என்று சொல்லிக்கொடுங்கள். அந்த இளைஞருக்கு நான் அன்று செய்யத் தவறியது அதுதான். இப்போது அவர் கைப்பேசியில் வாட்ஸ்அப் கட்டுப்பாடின்றி இயங்குகிறது. திரையின் ஒளி தாழ்ந்திருக்கிறது. இரண்டையும் அமைத்தவர் அவரே. நான் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.