உயிரியல் ஆராய்ச்சி நிலையங்களில் செய்முறைப் பயிற்சி

பல்கலைக் கழகங்களைச் சார்ந்த உயிரியல் ஆராய்ச்சி நிலையங்கள் ஆய்வோடு நின்றுவிடுவதில்லை. கருத்தரங்குகளையும் குறுகிய காலச் செய்முறைப் பயிற்சிகளையும் அவை நடத்துகின்றன. கருத்தரங்கு புதிய முடிவுகளை அறிவிக்கின்றது. செய்முறைப் பயிற்சியோ கையைப் பழக்குகின்றது. நூலறிவால் மட்டும் எய்த முடியாத ஒரு திறனை இப்பயிற்சி அளிக்கின்றது. தமது முடிவைத் தாமே ஐயுற்றுச் சோதிக்கும் பழக்கமே அத்திறன்.

முன்னோடியான வகுப்பு

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக் கூடத்தில், 1945-ஆம் ஆண்டுக் கோடையில், மாக்ஸ் டெல்புரூக் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அவர் பௌதிகம் பயின்று உயிரியலுக்கு வந்தவர். பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களான பேஜ்களை ஆராயும் முறையே வகுப்பின் பாடம். அதற்கு முன்னர் ஆய்வாளர்கள் வெவ்வேறு பேஜ்களை வெவ்வேறு சூழ்நிலைகளில் வளர்த்து வந்தனர். ஆதலின் ஒருவர் முடிவை மற்றொருவர் முடிவுடன் ஒப்பிட இயலவில்லை. இக்குறையை நீக்குவதற்காக, டி-1 முதல் டி-7 வரையுள்ள ஏழு பேஜ்களையே ஆய்வுக்குக் கொள்வது என 1944-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆய்வுப் பொருள் ஒன்றானபின், அதனைக் கையாளும் முறையும் ஒன்றாதல் வேண்டுமன்றோ? அதற்கு இவ்வகுப்பு துணைபுரிந்தது.

கண்ணுக்குப் புலனாகாததை எண்ணுதல்

பேஜ் சாதாரண நுண்நோக்கிக்கும் புலப்படாதது. அதனை எண்ணுவது எங்ஙனம்? முதலில் பேஜ் கரைசலில் ஒரு பங்கை ஒன்பது பங்கு நீர்மத்துடன் கலக்க வேண்டும். அது பத்து மடங்கு நீர்த்துவிடும். இவ்வாறு ஆறு முறை செய்தால் பத்து லட்சம் மடங்கு நீர்க்கும். இதில் 0.1 மில்லி லிட்டரை எடுத்து, பாக்டீரியாக்களுடன் இளஞ்சூடான அகார்க் கூழில் கலந்து தட்டில் ஊற்றுவர். தட்டை 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைத்தால் பாக்டீரியாக்கள் புல்தரைபோல் பரவி வளரும். பேஜ் விழுந்த இடங்களில் மட்டும் அவை அழிந்து, தெளிவான புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பேஜிலிருந்து தோன்றியதாகக் கொள்ளப்படும். தட்டில் 120 புள்ளிகள் இருப்பின், மூலக் கரைசலின் ஒரு மில்லி லிட்டரில் 120 கோடி பேஜ்கள் இருந்தன எனக் கணக்கிடலாம்.

முறை எளிது, பிழைக்கும் இடம் பெரிது. ஒவ்வொரு படியிலும் புதிய உறிஞ்சுகுழலைக் கொள்ளாவிடின், முந்திய கரைசலின் எச்சம் அடுத்த படியில் கலந்து பிழை பெருகும். ஆதலால் பேஜ் சேர்க்காத ஒரு தட்டையும் உடன் வைக்க வேண்டும். இதற்குக் கட்டுப்பாட்டுத் தட்டு என்று பெயர். அதிலும் புள்ளிகள் தோன்றின், அன்றைய முடிவுகள் அனைத்தையும் தள்ளிவிட வேண்டியதே. மேலும், 120 புள்ளிகள் எதிர்பார்க்கப்படும் இடத்தில் 110-ம் 130-ம் கிடைப்பது இயல்பு. ஒவ்வொரு தடவையும் சரியாக 120 என்றே ஒருவர் குறித்திருப்பாராயின், அக்குறிப்பையே ஐயுற வேண்டும்.

இந்தியாவிற்கு வந்த வழி

பர்டியூ பல்கலைக் கழகத்தில் பௌதிகத் துறையைச் சார்ந்திருந்த சீமோர் பென்சர் 1948-இல் இவ்வகுப்பிற் பயின்றார். பின்னர்ப் பேஜைக் கொண்டே மரபணுவின் நுண்ணிய அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்றார். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திகி, பிற்காலத்தில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பென்சருடன் பழ ஈக்களை ஆராய்ந்தவர். பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் சித்திகியின் முயற்சியால் உருவாயிற்று. ஒரு துறை ஒரு நாட்டில் வேரூன்றுவது இவ்வாறே. நூல்கள் கடல் கடந்து வருவது மட்டும் போதாது. பழகிய கைகளும் வருதல் வேண்டும்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

கிணற்று நீரைப் பரிசோதனைக்கு எடுத்துவரும் பணியாளருக்கும் இப்பாடம் பொருந்தும். தூய்மையாக்கிய நீர் நிரம்பிய புட்டி ஒன்றையும் உடன் எடுத்துச் சென்று, கிணற்றடியில் திறந்து மூடி, மற்றப் புட்டிகளுடன் சேர்த்து அனுப்புதல் நன்று. அதிலும் கிருமிகள் காணப்படின், குறை கிணற்றில் இருப்பதாகத் துணிதல் கூடாது; புட்டியிலோ கையிலோ இருக்கலாம். இச்சோதனை இன்றேல், நல்ல கிணறு மூடப்படவும் தீய கிணறு பயன்படவும் நேரிடலாம். நீர் மாதிரிகளைப் பனிக்கட்டியில் வைத்து, இயன்ற அளவு விரைவாக, 24 மணி நேரம் கடவாமல் சேர்ப்பிக்க வேண்டும்.

பள்ளியில் பாக்டீரியாக்களை வளர்த்தல் தக்கதன்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை நான்கு குவளைகளில் படிப்படியாகப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தாலே போதும். ஒரு குழுவினர் ஒவ்வொரு படிக்கும் சொட்டுக் குழலை நன்கு கழுவட்டும். மற்றொரு குழுவினர் கழுவாமலே செய்யட்டும். இறுதிக் குவளைகள் இரண்டையும் வெள்ளைத் தாளின்மீது வைத்து, நிறத்தை ஒப்பிட்டு, கண்டதைக் கண்டவாறே எழுதச் செய்க.

பயிற்சிக்குச் செல்வோர் சான்றிதழை மட்டும் கொண்டு திரும்பினால் பயன் சிறிது. நிலையத்திற் பயன்படுத்திய கருவி ஊரில் கிடைக்காமற் போகலாம். கட்டுப்பாட்டுச் சோதனை வைப்பதற்கும் உண்மையைக் குறிப்பதற்கும் அக்கருவி தேவையில்லை.