விடிய விடிய வரும் பெங்களூர் கரகம்

பெங்களூர் அவென்யூ ரோட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர். பகலில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஆண்டில் ஒரு நாள் இரவிலும் அப்படித்தான். நள்ளிரவு தாண்டியதும் மல்லிகை மணக்கும். "கோவிந்தா, கோவிந்தா" என்ற கோஷம் கேட்கும். கரகம் வருகிறது!

சைத்ர பௌர்ணமி இரவு, திகளர்பேட்டை தர்மராயர் கோயிலில் இருந்து கரகம் புறப்படுகிறது. (நம் பஞ்சாங்கப்படி அது சில ஆண்டுகளில் பங்குனியிலேயே வந்துவிடும். சித்ரா பௌர்ணமிக்கு லீவு போட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாந்து போகலாம்.) கோயில் தர்மர் பெயரில் இருந்தாலும் விழா திரௌபதிக்குத்தான். திமிராசுரன் என்ற அசுரனை அழிக்கத் திரௌபதி சக்தி வடிவம் எடுத்து, வீரகுமாரர்களைப் படைத்தாளாம். போர் முடிந்ததும், போக வேண்டாம் என்று அவர்கள் கெஞ்சினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வருவதாக வாக்குக் கொடுத்தாள். அந்த வருகைதான் கரகம்.

திகளர் யார்?

தமிழரைக் குறிக்கும் பழைய கன்னடச் சொல் 'திகளர்'. இந்தச் சமூகத்தார் தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்கிறார்கள். பேச்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து வரும். தொழில் தோட்ட வேலை: பூ, கீரை, காய்கறி. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகிலும் இவர்களின் உழைப்பு உண்டு. செஞ்சி, திண்டிவனம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்தும் தீமிதியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கேயும் போத்துராஜாவைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

மனைவியின் தாலி

கரகம் சுமப்பவர் ஆண், வேடம் பெண். மஞ்சள் சேலை உடுத்தி, மனைவியின் தாலியையும் வளையலையும் அணிந்து கொள்கிறார். விழா முடியும் வரை அந்த மனைவி விதவையைப் போல் ஒதுங்கி இருக்க வேண்டும். கரகத்தைப் பார்க்கக் கூடாது. ஊரெல்லாம் கொண்டாடும் இரவில் அந்த ஒரு பெண்மணி மட்டும் உள்ளே. பிறகு மீண்டும் தாலி கட்டுகிறார்கள்.

பூக்கோபுரம் போன்ற கரகத்தைக் கையால் பிடிப்பது கிடையாது. ஒரு கையில் கத்தி, மறு கையில் கோல். சுற்றிலும் உருவிய வாளுடன் வீரகுமாரர்கள். கரகம் தவறி விழுந்தால் அந்த வாள்கள் சுமப்பவர் மீதே பாயும் என்பது பழைய கட்டு.

ஏரி எங்கே?

பௌர்ணமிக்கு முன்பு 'ஹசி கரகம்' என்று ஒரு சடங்கு. பச்சை மண் கரகம் நீர்நிலையில் இருந்து வர வேண்டும். அந்த நீர்நிலை சம்பங்கி ஏரி. இன்று அங்கே நிற்பது கண்டீரவா ஸ்டேடியம். மிச்சம் ஒரு சிறு குளம்தான். 1890-களில் ஹெசரகட்டாவில் இருந்து குழாய்த் தண்ணீர் வந்த பிறகு, ஊருக்குள் இருந்த ஏரிகளைக் கவனிப்பார் இல்லை. மெஜஸ்டிக் பஸ் நிலையமும் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரிதான். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏரியோடு தோட்டங்களும் போயின. ஆனால் சடங்கை மட்டும் திகளர்கள் இடம் மாற்றவில்லை. பழைய ஏரிக்கரை எது என்று கேட்டால், கரகம் போகும் வழியைக் காட்டுகிறார்கள்.

தர்காவிலும் நிற்கும்

வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் கரகம் போகிறது. 2022-ல் இதை நிறுத்தச் சொல்லிச் சிலர் குரல் எழுப்பினார்கள். கோயில்காரர்கள் கேட்கவில்லை, கரகம் வழக்கம் போல் தர்காவுக்குப் போய் வந்தது. அதற்கு முன்பு 2020-லும் 2021-லும், கொரோனா காலத்தில் மட்டும், ஒரு சிலரோடு கோயிலுக்குள்ளேயே சடங்கை முடித்தார்கள்.

மற்ற ஆண்டுகளில் பேட்டை பேட்டையாகச் சுற்றிக் கரகம் கோயில் திரும்பும்போது பொழுது விடிந்துவிடும். சிட்டி மார்க்கெட்டில் அன்றைய மல்லிகைக்கு அப்போது பேரம் நடந்து கொண்டிருக்கும்.