பேழையும் பொருளும்

வீட்டுக் கணினியிற் சேமித்த படமொன்று ஓரறையில் இனிது ஓடுகின்றது. அடுத்த அறையில் உலாவி வழியாகத் திறந்தால் ஒலி மாத்திரம் கேட்கின்றது. அன்றேல் வெறுந்திரையே தோன்றுகின்றது. கோப்புப் பழுதுற்றதெனக் கருதி அதனை அழித்து விடுவாரும் உளர். மறைந்த ஆசிரியர் ஒருவரின் பிரியாவிடையுரை அவ்வாறு அழியின் மீட்பது எங்ஙனம்? பழுது பெரும்பாலும் கோப்பில் இல்லை.

எம்.பி.4, எம்.கே.வி., வெப்எம் என்பன பேழைகள். படம், ஒலி, வசனவரி ஆகியவற்றை ஒருங்கு கட்டி வைத்தலே அவற்றின் தொழில். உள்ளே படம் சுருக்கி எழுதப்பட்ட முறை வேறு. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 25 சட்டகமாகச் சுருக்காது வைப்பின், ஒரு நொடிக்கே 15 கோடி பைற்றுக்கு மேல் வேண்டும். ஆதலின், முன்சட்டகத்தினின்று மாறிய பகுதிகளையே பெரிதும் குறித்து வைக்கும் முறைகள் எழுந்தன. 2003இல் எச்.264உம், 2013இல் எச்.இ.வி.சி.யும், 2018இல் ஏ.வி.1உம் வெளிவந்தன. பேழையையும் முறையையும் ஒருங்கே அறிந்த உலாவியே படத்தைக் காட்டும்.

எல்லா உலாவிகளும் எல்லா முறைகளையும் அறியாமைக்குக் காரணம் நுட்பம் மாத்திரமன்று, உரிமையுமாம். எச்.264 காப்புரிமைக் கட்டணத்துக்கு உட்பட்டது. அதனால் மொசில்லா அதனை நெடுநாள் ஏற்க மறுத்துப் பின்னரே இணங்கிற்று. 2010இல் கூகுள் கட்டணமற்ற வெப்எம்மை வெளியிட்டது. 2013இல் சிஸ்கோ நிறுவனம் எச்.264 மென்பொருளை, கட்டணத்தைத் தானே ஏற்று, இலவசமாக வழங்க முன்வந்தது. எச்.இ.வி.சி.யின் உரிமையாளரோ பல குழுக்களாகப் பிரிந்து நின்றனர். இத்தொல்லையினின்று விடுபடவே பல நிறுவனங்கள் 2015இல் ஒன்றுகூடி ஏ.வி.1ஐ ஆக்கத் தொடங்கின.

வீட்டினுள் படம் பரிமாறும் ஜெலிபின் போன்ற மென்பொருள்கள் மூன்று வழிகளைக் கையாளும். உலாவி ஏற்பதாயின் கோப்பை உள்ளவாறே அனுப்பும். பேழை மாத்திரம் பொருந்தாவிடின் பேழையை மாற்றும். இதனாற் படத்தின் தரம் குன்றாது. முறையே பொருந்தாவிடின் படத்தை மீள எழுதும். இது கணினிக்குப் பெருஞ்சுமை, தரமும் சிறிது குன்றும். படம் தெரிந்து ஒலி கேளாதாயின், ஒலியைச் சுருக்கிய முறையை ஐயுறுக.

நம் விழாக்களைப் பதிவு செய்வோர் மூலக் கோப்பை மாற்றாது காத்து, எம்.பி.4 பேழையில் எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் கொண்ட படியொன்றைப் பார்வைக்கென வைப்பாராக. ஏறக்குறைய எல்லா உலாவிகளும் அதனைக் காட்டும். திறவாத பேழையை வெறும்பேழையென எறிந்துவிடாதிருப்போமாக.